ஆலயத் திரையில் பாடல் வரிகளைக் காட்டும் முறை

ஆராதனையில் புரொஜெக்டரை இயக்குவதற்குக் கணினி தெரிந்தவரைத் தேடுவதைவிடப் பாடல் தெரிந்தவரைத் தேடுவதே நல்லது. கணினியை இரண்டு மூன்று வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். எந்தச் சரணத்துக்குப் பின் பாடகர் குழு பல்லவிக்குத் திரும்பும் என்பது பாடிப் பழகியவருக்கே தெரியும்.

தமிழ்க் கீர்த்தனைகளில் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. பல்லவி, அனுபல்லவி, சரணங்கள் என்று புத்தகத்தில் உள்ள வரிசையிலேயே ஸ்லைடுகளை அமைத்தால், முதல் சரணம் முடிந்ததும் இயக்குபவர் பல்லவியைத் தேடிப் பின்னோக்கி ஓடுவார். சபையார் வாய் மூடி அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பல்லவி ஸ்லைடைப் படியெடுத்து வைத்து, முன்னோக்கி மட்டும் நகர்ந்தால் போதும் என்ற நிலையை உண்டாக்க வேண்டும். ஓப்பன்எல்பி என்ற இலவச மென்பொருளில் பாடலின் பகுதிகளை ஒருமுறை மட்டும் தட்டச்சு செய்து, பாடும் வரிசையைத் தனியே குறிக்கலாம். எந்தெந்தச் சரணங்கள் பாடப்படும் என்பதைச் சனிக்கிழமைப் பயிற்சியிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். சரணம் சரணமாக நேரே செல்லும் பாமாலைகளில் இந்தத் தொல்லை குறைவு.

ஒரு ஸ்லைடில் நான்கு வரிகள் போதும். வரி நீண்டு மடங்கினால் எழுத்தைச் சிறிதாக்காமல், இசை நிற்கும் இடத்தில் வரியைப் பிரிக்க வேண்டும். கடைசி வரியின் இறுதிச் சொல்லைச் சபை பாடத் தொடங்கும்போதே அடுத்த ஸ்லைடுக்கு மாற வேண்டும். பாடி முடிந்தபின் மாற்றினால் அடுத்த அடியின் முதல் சொல் முணுமுணுப்பாகிவிடும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைத்த கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். அவற்றை எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றி, நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா எழுத்துருவில் வைத்து, ஒருமுறை பிழை திருத்திப் படிக்க வேண்டும்.

உயரமான சன்னல்கள் உள்ள ஆலயத்தில், மாலையில் அழகாகத் தெரிந்த நீலப் பின்னணியும் மஞ்சள் எழுத்தும் காலை வெயிலில் வெளிறிவிடும். எனவே ஆராதனை நடக்கும் அதே நேரத்தில், கடைசி வரிசையில் அமர்ந்து, முடிந்தால் கண்ணாடி அணிந்த ஒரு பெரியவரை அருகில் வைத்துக்கொண்டு சோதிக்க வேண்டும். பின்னணியில் அசையும் அருவியும் மேகமும் வரிகளைப் படிக்கவிடாது. அவை தேவையில்லை என்பதே என் கருத்து.

திரை, பலிபீடத்தையும் சிலுவையையும் மறைக்காமல் பக்கச் சுவரில் இருக்கட்டும். விண்டோஸ் விசையுடன் ‘P’ விசையை அழுத்தி, நகல் திரைக்குப் (Duplicate) பதிலாக நீட்டிப்புத் திரையைத் (Extend) தேர்ந்தெடுத்தால், இயக்குபவர் தேடுவது சபைக்குத் தெரியாது. வாட்ஸ்அப் அறிவிப்புகளையும் முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். ஜெபத்தின்போதும் திருவிருந்தின்போதும், பவர்பாயிண்டில் ‘B’ எழுத்தை அழுத்தித் திரையை இருளாக்கலாம்.

மின்சாரம் தடைபடக்கூடும் என்பதால், ஒவ்வொரு பாடலின் முதல் ஸ்லைடிலும் பாட்டுப் புத்தகத்தின் எண்ணை இட்டு, ஆயரும் அதை வாய்விட்டு அறிவிக்குமாறு ஏற்பாடு செய்ய வேண்டும்.