ஜிட் கம்பைலர்: எதைப் பயனருக்கு எக்ஸெப்ஷனாகக் கொடுப்பது, எதில் நிறுத்திவிடுவது?

நிரல் ஓடும்போதே அதை மெஷின் கோடாக மாற்றுவது ஜிட் கம்பைலர். பயனர் எழுதிய நிரல் பூஜ்ஜியத்தால் வகுத்தால், அவர் கேட்ச் பிளாக்கில் (பிழையைப் பிடித்துக் கையாளும் பகுதி) பிடிக்கிற மாதிரி எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) போக வேண்டும். நம் கம்பைலரே தவறான மெஷின் கோடு போட்டிருந்தால், புராசஸ் அங்கேயே நின்றுவிட வேண்டும். சிக்கல் என்னவென்றால், இரண்டுமே ஒரே சிக்னலாக (இயங்குதளம் புராசஸுக்கு அனுப்பும் அறிவிப்பு) வந்து நிற்கலாம். கம்பைலரின் பிழையை எக்ஸெப்ஷனாக மாற்றிவிட்டால், பயனரின் கேட்ச் பிளாக் அதை விழுங்கிவிடும்; கெட்டுப்போன மெமரியோடு நிரல் தொடர்ந்து ஓடும். கிராஷைவிட இது மோசம்.

படி 1: டேபிள். ஃபால்ட் ஆகலாம் (சிபியு ஓட்ட மறுத்துப் பிழை எழுப்பலாம்) என்று தெரிந்தே எழுதும் ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கும் அதன் முகவரி, எக்ஸெப்ஷன் வகை, தாவ வேண்டிய ஸ்டப் (எக்ஸெப்ஷனை எழுப்பும் சிறு கோடுத் துண்டு) ஆகிய மூன்றையும் பதிவு செய்யுங்கள். நல் செக்கை (பாயின்டர் எதையும் சுட்டாமல் 0 ஆக இருக்கிறதா என்ற சோதனை) ஃபால்ட்டிடம் விடுவது, ஃபீல்டின் ஆஃப்செட் (ஆப்ஜெக்டின் தொடக்கத்திலிருந்து அதன் தூரம்) 4096 பைட்டுக்குள் இருந்தால் மட்டும். அதற்கு மேல் போனால் நேரடியாக ஒப்பிடும் கோடே போடுங்கள்.

படி 2: ஹேண்ட்லர். ஃபால்ட் ஆனதும் இயங்குதளம் அழைக்கும் ஃபங்ஷன் இது: லினக்ஸில் சிக்னல் ஹேண்ட்லர், விண்டோஸில் வெக்டர்டு எக்ஸெப்ஷன் ஹேண்ட்லர். ஃபால்ட் ஆன முகவரி டேபிளில் இருந்தால், சேமிக்கப்பட்ட புரோகிராம் கவுன்டரில் (அடுத்து ஓட வேண்டிய இடத்தின் முகவரி) ஸ்டப்பின் முகவரியை எழுதிவிட்டுத் திரும்புங்கள். எக்ஸெப்ஷன் ஆப்ஜெக்டை ஸ்டப்தான் உருவாக்க வேண்டும். சிக்னல் ஹேண்ட்லருக்குள் மெமரி கேட்டால் டெட்லாக் ஆகலாம் (முடிவில்லாமல் காத்து நின்றுவிடலாம்). டேபிளில் இல்லையா? விண்டோஸில் தேடலைத் தொடரச் சொல்லுங்கள். லினக்ஸில் பழைய ஹேண்ட்லர் ஏதும் இல்லாவிட்டால் இயல்பு நடத்தையை மீட்டுவைத்துத் திரும்புங்கள். அதே இன்ஸ்ட்ரக்‌ஷன் மறுபடி ஓடி, கோர் டம்ப் (கிராஷ் ஆன நேரத்து மெமரியின் பதிவு) சரியான இடத்தைக் காட்டும்.

டேபிளில் இருப்பது மட்டும் போதாது. எக்ஸ்86-64 லினக்ஸில் பாயின்டர் சிதைந்து, மேல் பிட்டுகள் பொருந்தாத முகவரியாகிவிட்டால், கெர்னல் ஃபால்ட் முகவரியை 0 என்றே சொல்லும். பார்த்தால் அசல் நல் மாதிரியே இருக்கும். சிக்னலோடு வரும் காரண எண்ணைப் பாருங்கள்: உண்மையான நல் என்றால் 1, இந்தச் சிதைவு என்றால் 128. 128 வந்தால் அது கம்பைலரின் உள்பிழை, நிறுத்துங்கள்.

படி 3: வகுத்தல். எக்ஸ்86-இல் பூஜ்ஜியத்தால் வகுத்தால் சிபியு ஃபால்ட் கொடுக்கும். ஆர்ம்64-இல் ஃபால்ட்டே வராது. விடை 0 என்று அமைதியாக வந்துவிடும். மிகச்சிறிய முழு எண்ணை -1ஆல் வகுத்தாலும் எக்ஸ்86 ஃபால்ட் ஆகும். லினக்ஸில் அதற்கும் அதே சிக்னல்தான். ஜாவா மாதிரி, அங்கே எக்ஸெப்ஷன் இல்லாமல் அதே எண்ணைத் திருப்பித் தர வேண்டிய மொழி என்றால் விடை தவறிவிடும். எனவே தொடக்கத்தில் எல்லாத் தளங்களிலும் இரண்டு நிலைகளையும் வெளிப்படையாகச் சோதியுங்கள். வேகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

படி 4: ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. ஸ்டாக் (ஃபங்ஷன் அழைப்புகளுக்கான மெமரி) தீர்ந்த பிறகு ஹேண்ட்லர் ஓட இடமிருக்காது. லினக்ஸிலும் மேக்கிலும் ஒவ்வொரு திரெட்டுக்கும் தனி மாற்று ஸ்டாக் ஒதுக்குங்கள். புதிதாகத் தொடங்கும் திரெட்டுக்கு அது தானாக வராது.

படி 5: கம்பைல் செய்யும்போதே வரும் தோல்வி. ஆதரவில்லாத இன்ஸ்ட்ரக்‌ஷன், கோடு கேஷ் (உருவாக்கிய மெஷின் கோடு இருக்கும் மெமரி) நிரம்புவது போன்றவற்றுக்கு எக்ஸெப்ஷனும் வேண்டாம், கிராஷும் வேண்டாம். அந்த ஃபங்ஷனை இன்டர்பிரெட்டரிடம் (மெஷின் கோடாக மாற்றாமல் நேரடியாக ஓட்டுவது) விட்டுவிடுங்கள். அஸெர்ட் (கம்பைலர் தன்னையே சரிபார்க்கும் சோதனை) தோற்றால் மட்டும் நிறுத்துங்கள். சி++ எக்ஸெப்ஷனை ஜிட் ஃபிரேம்கள் (ஜிட் கோடின் ஃபங்ஷன் அழைப்புகள் ஸ்டாக்கில் பிடிக்கும் இடங்கள்) வழியாக எறியவே கூடாது. அன்வைண்ட் தகவல் (அழைத்த ஃபங்ஷனுக்குத் திரும்பும் வழியைச் சொல்லும் தகவல்) பதிவாகாத ஃபிரேமைத் தாண்ட முடியாமல் நிரல் அங்கேயே முடிந்துவிடும்.

கடைசியாக, வேண்டுமென்றே சிதைத்த பாயின்டரைப் படிக்கும் டெஸ்ட் ஒன்றை ரிலீஸ் பில்டில், ஒவ்வொரு தளத்திலும் ஓட்டுங்கள். புராசஸ் செத்தால்தான் அந்த டெஸ்ட் பாஸ்.