பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் பண்டிகைப் பரிசு: நீலகிரியில் எப்படித் திட்டமிடுவது

கிறிஸ்துமஸ், பொங்கல் நெருங்கினால் குழந்தைகள் இல்லங்களுக்குப் பொம்மையும் கலர் பென்சிலும் சாக்லேட்டும் வந்து குவியும். ஆறு வயதுக் குழந்தைக்கு அது சந்தோஷம்தான். பதினைந்து வயதுப் பையனிடம் அதே கலர் பென்சில் டப்பாவை நீட்டினால், தன்னை நினைத்து யாரும் வாங்கவில்லை என்பது அவனுக்குச் சட்டென்று புரிந்துவிடும். 13 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு அவர்களையே கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நவம்பர் முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். இல்லமாக இருந்தால் கண்காணிப்பாளரிடம் பேசுங்கள். வளர்ப்புக் குடும்பத்தில் (தத்து அல்ல, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அரசு ஒப்படைத்த குடும்பம்) பிள்ளை இருந்தால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அரசு அலுவலகம் வழியாகத்தான் பரிசு போக வேண்டும். வீட்டு முகவரியைக் கேட்காதீர்கள். அந்தக் குடும்பத்தின் சொந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு, அவர்களுக்கும் ஒன்று சேர்த்து அனுப்புங்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு மட்டும் பார்சல் வந்தால் அந்த மனவருத்தம் வளர்ப்புக்கு வந்த பிள்ளை மேல்தான் விழும்.

அடுத்தது ஒவ்வொரு பிள்ளையும் நிரப்ப வேண்டிய விருப்பப் படிவம். பெயருக்குப் பதில் எண் போடுங்கள். வயது, உடை அளவு, ஷூ அளவு, பிடித்த நிறம், வேண்டிய மூன்று பொருள்கள், வேண்டவே வேண்டாத ஒன்று என்று இடம் விடுங்கள். இந்தக் கடைசி வரிதான் அதிகம் உதவும். "என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் "எதுவானாலும் சரி" என்றே எழுதுவார்கள், கேட்டுப் பழக்கம் இல்லை. அதனால் கீழே மாதிரிப் பட்டியல் கொடுங்கள்: ஜெர்கின், ஷூ, பேக்பேக், கால்பந்து, ஷட்டில் பேட், கைக்கடிகாரம், ஓவியப் பொருள்கள், சார்ஜ் டார்ச், பூட்டுப் பெட்டி.

அளவை டிசம்பரில் இன்னொரு முறை சரிபாருங்கள். இந்த வயதில் ஷூ அளவு சீக்கிரம் மாறிவிடும். சந்தேகம் இருந்தால் ஜெர்கினை ஒரு அளவு பெரிதாக வாங்கலாம், ஷூவை அப்படி வாங்கக் கூடாது. பில்லை வைத்துக்கொள்ளுங்கள்; விலைச் சீட்டைக் கிழித்துவிடுங்கள்.

ஊட்டிப் பக்கம் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும், பகலில் மூடுபனி. தடித்த பருத்தி ஹுட்டி துவைத்தால் நாள் கணக்கில் காயாது, ஈர வாடை அடிக்கும். அக்ரிலிக் ஸ்வெட்டரோ ஃப்ளீஸ் ஜெர்கினோ சீக்கிரம் காயும். கம்பளியைத் துணிக்கல்லில் அடித்துத் துவைத்தால் சுருங்கிவிடும். மங்கி குல்லாவைப் பெரிய பிள்ளைகள் போடவே மாட்டார்கள். சாதாரணக் கம்பளித் தொப்பி போதும். உதடும் குதிகாலும் வெடிப்பதால் பையன்களுக்கும் வாஸ்லைன் வையுங்கள். உள்ளாடை புதிதாக, அளவு பார்த்து (75 முதல் 95 சென்டிமீட்டர் வரை) இருக்கட்டும். பெண் பிள்ளைகளுக்கான சானிட்டரி நாப்கினைப் பரிசுப் பைக்குள் வைக்காமல் இல்லத்திடம் தனியாகக் கொடுங்கள்.

பலர் சேர்ந்து தூங்கும் அறையில் பூட்டுப் பெட்டிக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை. சிறிய ட்ரங்குப் பெட்டி போதும், ஆனால் கட்டிலுக்கு அடியில் நுழையுமா என்று முதலில் அளந்துவிடுங்கள். எண் பூட்டு வேண்டாம், எண் மறந்தால் உடைக்கத்தான் வேண்டும். இரண்டு சாவி உள்ள பூட்டு வாங்கி, ஒன்றை வார்டனிடம் கொடுத்துவைக்கலாமா என்று பிள்ளையிடமே கேளுங்கள். செல்போன், இயர்போன் வாங்கும் முன் இல்லத்தின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைக்கு ஒரே தொகை வையுங்கள், 1,500 ரூபாய் என்றால் எல்லோருக்கும் 1,500. ஒருவருக்கு ஷூவும் இன்னொருவருக்குப் பேனாவும் போனால் அன்று இரவே சண்டை. நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை, கீழே சமவெளியில் இருந்து கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். மினுமினுப்புத் தாளுக்குப் பதில் துணிப்பையில் எண் எழுதிக் கட்டுங்கள்.

பரிசை விடுமுறைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பலர் உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். போக இடமில்லாமல் இல்லத்திலேயே தங்குபவர்களுக்கு அந்த வாரம்தான் கஷ்டம். அவர்களுக்காகக் கேரம் போர்டு, நல்ல சாப்பாடு, ஊழியர் துணையோடு கடைவீதிக்கு ஒரு நாள் என்று தனியாக ஏற்பாடு செய்யுங்கள்.

மேடை, பாட்டு, நன்றியுரை எதுவும் வேண்டாம். பையை வார்டனே தனித்தனியாகக் கொடுக்கட்டும். போட்டோ எடுக்காதீர்கள்: 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி இந்தப் பிள்ளைகளின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

18 வயதை நெருங்குபவருக்குப் பெரிய பயணப்பையும், ஆதார், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் வைக்க ஜிப் ஃபைலும் சேருங்கள். பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று இரண்டு பைகள் கூடுதலாகவே கட்டிவையுங்கள். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு பண்டிகை வாரத்திலும் புதுப் பிள்ளை வந்து சேரலாம்.