குடும்பத்தில் இரண்டு பேருக்குப் பார்க்கின்சன் என்றால் எங்கிருந்து தேடத் தொடங்குவது?

அப்பாவுக்குப் பார்க்கின்சன் (நடுக்குவாதம்) என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே "அப்ப எனக்கும் வருமா?" என்ற கேள்வி பிள்ளைகளுக்கு வந்துவிடும். பெரும்பாலான குடும்பங்களில் இந்த நோய் நேரடியாகப் பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை. நோயாளிகளில் சுமார் 10 முதல் 15 சதவீதம் பேர் சொந்தத்தில் இன்னொருவருக்கும் இருந்ததாகச் சொல்கிறார்கள், ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடிவது அதைவிடவும் குறைவு. அந்தச் சிறு கூட்டத்தில் உங்கள் குடும்பமும் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், ஆராய்ச்சியில் சேர்ந்து பார்க்கலாம் என்று தோன்றினால், எடுத்த எடுப்பில் ரத்தம் கொடுக்க ஓடாதீர்கள். முதலில் ஒரு பெரிய தாளை எடுங்கள்.

அதில் குடும்ப மரத்தை வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருப்பவருக்கு உள்ளே கறுப்பு, இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு, சொந்தத்துக்குள் திருமணம் நடந்திருந்தால் கணவன் மனைவிக்கு நடுவே இரட்டைக் கோடு. உலகம் முழுக்க இதே குறிகள்தான். குறைந்தது மூன்று தலைமுறை வேண்டும். "மாமாவுக்கு இருந்தது" என்று மட்டும் எழுதி வைத்தால் பயனில்லை; அம்மாவின் அண்ணனா, அத்தையின் கணவரா என்று தெளிவாக எழுதுங்கள், அத்தையின் கணவர் வெளியிலிருந்து வந்தவராக இருந்தால் அவருடைய நோய்க்கும் உங்கள் ரத்தத்துக்கும் தொடர்பில்லை.

ஒவ்வொருவர் பக்கத்திலும் வயதைக் குறியுங்கள். டாக்டர் நோயைக் கண்டுபிடித்த வயது வேறு, முதல் அறிகுறி தெரிந்த வயது வேறு. இரண்டுக்கும் நடுவில் சில ஆண்டுகள்கூட ஓடியிருக்கலாம், ஆராய்ச்சிக்கு வேண்டியது இரண்டாவது. எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று, நோய் வராதவர்களின் வயது. 85 வயதிலும் கை கால் திடமாக நடமாடுகிற அத்தை (அப்பாவின் அக்கா) ஆராய்ச்சியாளருக்கு மிகவும் வேண்டியவர், ஏனென்றால் நோயாளியிடம் இருக்கும் மரபணு மாற்றம் அவரிடமும் இருந்தால் அந்த மாற்றத்தின் மேல் பழி போடும் முன் யோசிக்க வேண்டியிருக்கும். 35 வயதில் விபத்தில் இறந்த சித்தப்பாவை "நோய் இல்லாதவர்" கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். அவருக்கு அது தெரிய வரும் வயதே வரவில்லை.

அடுத்தது, பழைய கதைகளைச் சலிப்பது. "தாத்தாவுக்குக் கை நடுங்கும்" என்று யாராவது சொன்னால் உடனே அவருடைய சதுரத்தைக் கறுப்பாக்க வேண்டாம். சும்மா மடியில் கை வைத்திருக்கும்போது நடுங்கியதா, டம்ளரைத் தூக்கும்போது நடுங்கியதா? தூக்கும்போது மட்டும் என்றால் அது பார்க்கின்சனே இல்லாத வேறொரு நடுக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பக்கத்தில் தொடங்கியதா, நடை சுருங்கியதா, எழுத்து சிறுத்துக்கொண்டே போனதா, பார்க்கின்சனுக்குத் தரும் லெவோடோபா மாத்திரை கொடுத்ததும் நன்றாகத் தேறினாரா என்று கேளுங்கள். மனநலத்துக்காகவோ வாந்திக்காகவோ நீண்ட நாள் மருந்து சாப்பிட்டாரா என்பதும் தெரிய வேண்டும், சில மருந்துகள் பார்க்கின்சன் போலவே தோற்றம் காட்டும். பழைய மருந்துச் சீட்டு, கையெழுத்து உள்ள கடிதங்கள், கல்யாண வீடியோ எல்லாவற்றையும் தேடி எடுங்கள். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது வீடியோவில் தெரிந்தால் அது பாட்டியின் நினைவைவிட நம்பகமான சாட்சி.

ஒரே குடும்பத்தில் இருவருக்கு வந்தாலே பரம்பரை என்று ஆகிவிடாது. வயதானவர்களுக்குப் பரவலாக வருகிற நோய் இது, தற்செயலாகவும் இருவருக்கு வரலாம். ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே பூச்சிக்கொல்லி என்று குடும்பம் பகிர்ந்துகொள்வது மரபணுவை மட்டும் இல்லையே. 1999ல் வெளியான ஒரு பெரிய இரட்டையர் ஆய்வில், 50 வயதுக்கு மேல் நோய் தொடங்கியவர்களிடம் ஒரே கருவில் உருவான இரட்டையருக்கும் மற்ற இரட்டையருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 50க்கு முன் தொடங்கியவர்களிடம் மரபணுவின் பங்கு பளிச்சென்று தெரிந்தது. ஆகவே இளவயதில் தொடங்கியவர் இருந்தால் தேடலை அவரிடமிருந்து தொடங்குங்கள்.

மரம் ஓரளவு நிரம்பியதும் அதில் ஒரு வடிவம் தெரிகிறதா என்று பாருங்கள். தலைமுறை தவறாமல் இறங்கினால் எல்ஆர்ஆர்கே2, எஸ்என்சிஏ, விபிஎஸ்35 போன்ற மரபணுக்களின் மேல் சந்தேகம் வரும். பெற்றோரில் ஒருவரிடம் அந்த மாற்றம் இருந்தால் அது ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெற்றோர் இருவரும் நலமாக இருக்க, அண்ணன் தங்கைக்கு மட்டும் 40 வயதுக்கு முன்பே வந்திருந்தால், அதிலும் பெற்றோர் சொந்தத்துக்குள் மணந்தவர்கள் என்றால், பார்கின், பிங்க்1, டிஜே-1 என்ற மரபணுக்களின் பக்கம் பார்க்க வேண்டும். பார்க்கின்சனுக்கான முதல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டதே இப்படி மரம் வரைந்துதான். தெற்கு இத்தாலியின் கோன்டுர்சி என்ற ஊரில் வேர் கொண்ட ஒரு பெரிய குடும்பத்தைப் பின்தொடர்ந்து போய் 1997ல் எஸ்என்சிஏ மாற்றத்தைப் பிடித்தார்கள். ஜிபிஏ1 என்ற மரபணு தனி ரகம். அது வாய்ப்பைக் கூட்டும், ஆனால் அதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. குடும்பத்தில் யாருக்காவது கோஷே என்ற அரிய பரம்பரை நோய் இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், இரண்டுக்கும் மரபணு ஒன்றுதான்.

இப்போது ரத்தம். முதலில் கொடுக்க வேண்டியவர் நோயாளி. பயந்துபோன மகன் முதலில் போய்ச் சோதித்து "ஒன்றும் இல்லை" என்று வந்தால் அதற்கு எந்த அர்த்தமும் கிடையாது, குடும்பத்தில் எதைத் தேட வேண்டும் என்றே இன்னும் தெரியாதபோது இல்லை என்பதை வைத்து என்ன செய்வது? வீட்டுக்கே வரும் எச்சில் சோதனைப் பெட்டிகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. அப்படிப் பெட்டி விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்தின் சோதனைக்கு 2017ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தபோது பார்க்கின்சனுக்கு அது பார்த்தது இரண்டே இரண்டு மாற்றங்களைத்தான்.

ஆய்வகத்தில் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். பார்கின் மரபணுவில் துண்டு துண்டாகக் காணாமல் போவதையும் இரட்டிப்பதையும் தனியாகப் பார்க்கிறீர்களா? மரபணுவை எழுத்து எழுத்தாக வாசிக்கும் சாதாரணச் சோதனை அதைக் கோட்டை விட்டுவிடலாம். ஜிபிஏ1க்குப் பக்கத்திலேயே அதைப் போலவே இருக்கும் போலி மரபணு ஒன்று உண்டு, அதைப் பிரித்துப் பார்க்க என்ன செய்கிறீர்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படியுங்கள். முடிவை உங்களுக்குச் சொல்வார்களா, மாதிரி எங்கே எத்தனை காலம் இருக்கும், வேறு யாருக்குக் கொடுப்பார்கள், நடுவில் விலக முடியுமா, காப்பீட்டு நிறுவனம் கேட்டால் என்ன ஆகும்? ஆராய்ச்சிக் கூடம் சொன்ன முடிவை மருத்துவச் சான்று பெற்ற ஆய்வகத்தில் மறுபடி உறுதிப்படுத்தாமல் அதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள். இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது: குடும்பமாகச் சோதிக்கும்போது யார் யாருடைய பிள்ளை என்பதும் வெளியே வரலாம். அப்படி வந்தால் சொல்வார்களா மாட்டார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர்களைச் சேர்ப்பதுதான் இருப்பதிலேயே கடினமான பகுதி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "எல்லோரும் ரத்தம் கொடுங்கள்" என்று போடாதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள், வேண்டாம் என்றால் ஏன் என்று குடையாமல் விடுங்கள், தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவர்கள் உரிமைதான். மாதிரி மட்டும் கொடுத்துவிட்டு முடிவு வேண்டாம் என்று சொல்லவும் பல ஆய்வுகளில் இடமுண்டு, அதைக் கேட்டதும் பலர் இறங்கி வருவார்கள். நலமாக இருக்கும் சிறுவர்களை இதற்காகச் சோதிக்கவே கூடாது. வளர்ந்தபின் அவர்களே முடிவு செய்யட்டும். கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின், தாயிடம் இருந்த எல்ஆர்ஆர்கே2 மாற்றம் தனக்கும் இருப்பதாக 2008ல் வெளிப்படையாக எழுதினார். அது அவர் தேர்வு. அந்த மாற்றத்தைச் சுமந்துகொண்டு 80 வயது தாண்டியும் நோய் வராதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் "இருக்கிறது" என்ற முடிவையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மரபணு ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நலமான உறவினர் ஆய்வில் சேர்ந்தால் மூக்குக்கு வாசனை தெரிகிறதா, மலச்சிக்கல் உண்டா, தூக்கத்தில் கனவுக்கேற்ப கை கால் வீசுகிறாரா என்றெல்லாம் கேட்பார்கள், ஏனென்றால் நடுக்கத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே இவை தலைகாட்டலாம். அதற்காக வாசனை தெரியாத எல்லோருக்கும் பார்க்கின்சன் வரும் என்று பயந்துவிடாதீர்கள், சளிக்கும் வயதுக்கும்கூட மூக்கு மங்கும். பரிசோதிக்கும் டாக்டருக்கு அவருடைய மரபணு முடிவு தெரியாமல் இருப்பது நல்லது. தெரிந்தால் இல்லாத தளர்ச்சிகூடக் கண்ணில் படும்.

அறிக்கையில் "முக்கியத்துவம் தெளிவில்லாத மாற்றம்" என்று வந்தால் யாருக்கும் அதை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். உறவினர்களில் யார் யாரிடம் அது இருக்கிறது என்று பார்த்துத்தான் அதற்கு அர்த்தம் பிடிக்க முடியும், அந்த 85 வயது அத்தையின் ரத்தம் இங்கேதான் கைகொடுக்கும். ஒன்றும் கிடைக்கவில்லை என்றாலும் கோப்பை மூடிவிட வேண்டாம். இரண்டு மூன்று ஆண்டு கழித்து அதே தரவை மறுபடி அலசச் சொல்லி எழுதிக் கேளுங்கள், வீடோ போன் எண்ணோ மாறினால் ஆய்வுக் குழுவுக்குத் தெரியப்படுத்துங்கள், மரத்தின் ஒரு நகலைக் குடும்பத்தில் இளையவர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள்.