அதே சமையல், வேறு அளவு: எடைக்கும் சர்க்கரைக்கும் ஏற்ற ஒரு மதியச் சாப்பாடு

எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்த அன்றே பலரும் ஓட்ஸ் பாக்கெட்டும் கிரீன் டீயும் வாங்கி வந்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் அவை அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும். என்னைக் கேட்டால், பொரியலும் கூட்டும் கீரையும் பருப்பும் உள்ள நம் வீட்டுச் சமையலே போதும். தட்டில் எது எவ்வளவு என்ற கணக்கைத்தான் மாற்ற வேண்டும். இரண்டு பேருக்கான ஒரு மதியச் சாப்பாட்டை வைத்து அதைப் படிப்படியாகப் பார்ப்போம். சமையலுக்குப் புதியவர்களும் செய்யலாம்.

படி 1: முதலில் டேப்பை எடுங்கள்

எடை பார்க்கும் இயந்திரத்தைவிட தையல்காரர் டேப் நமக்கு அதிகம் சொல்லும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளவு பாருங்கள். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் தொப்பைக் கொழுப்பு கூடிவிட்டது என்று பொருள். நம்மில் பலருக்குக் கையும் காலும் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடும். சர்க்கரை நோய்க்கு அது போதும்.

கூடவே ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது ஹெச்பிஏ1சி (ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியுள்ள சர்க்கரையை வைத்து, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால், நீங்கள் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறீர்கள். இங்கிருந்து திரும்ப முடியும். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் இந்த நிலையில் இருந்த 531 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. உணவையும் நடையையும் சரிசெய்த குழுவினருக்கு சர்க்கரை நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எடை அசையவில்லையே என்று மனம் சோர்ந்து பாதியில் நிறுத்துகிறவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

ஏற்கனவே சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரை, பருப்பு அளவுகளே வேறு. இந்த இரண்டு பிரிவினரும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

படி 2: எண்ணெய்க்குத் தனி பாட்டில்

ஆளுக்கு மாதம் அரை லிட்டர். இரண்டு பேர் என்றால் ஒரு லிட்டர். மாதம் பிறந்ததும் அதைத் தனி பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுங்கள். தாளிப்பு, தோசை, வடை எல்லாமே அதற்குள் முடிய வேண்டும். ஒரு நாளைக்கு ஆளுக்குச் சுமார் 3 டீஸ்பூன் வரும். பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டு, ஸ்பூனால் அளந்து விடுங்கள். செக்கு எண்ணெயோ ரீஃபைண்டோ, எந்த எண்ணெயிலும் கிராமுக்கு 9 கலோரிதான். செக்கில் ஆட்டியது என்பதற்காக ஒரு கரண்டி கூடுதலாக ஊற்ற இடமில்லை.

படி 3: பொரியலில் இருந்து தொடங்குங்கள்

வழக்கமாகச் சோற்றை வைத்துவிட்டுத்தான் காயைப் பற்றி யோசிப்போம். இங்கே காய்தான் முதலில். இரண்டு பேருக்கு 400 கிராம் அவரைக்காய் அல்லது பீன்ஸ் வேண்டும். பார்க்க நிறையத்தான் தெரியும், இருந்தாலும் அளவைக் குறைக்காதீர்கள். நார் எடுத்து, எல்லாம் ஒரே அளவாக இருக்கும்படி பொடியாக நறுக்குங்கள். சின்னதும் பெரியதுமாக இருந்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது.

அகலமான அடிகனமான சட்டியில் 2 டீஸ்பூன் எண்ணெய் ஊற்றிக் காய விடுங்கள். இவ்வளவு கொஞ்சத்தில் தாளிக்க முடியுமா என்று தோன்றும். சட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்தால் எண்ணெய் ஓரமாகத் தேங்கும். அங்கே அரை டீஸ்பூன் கடுகு போடுங்கள். அது வெடித்ததும் ஒரு டீஸ்பூன் உளுத்தம்பருப்பு, கிள்ளிய காய்ந்த மிளகாய் இரண்டு, ஒரு கொத்து கறிவேப்பிலை. பருப்பு பொன்னிறமானதும் சட்டியை நேராக்கி, காயைக் கொட்டி நன்றாகப் பிரட்டுங்கள்.

பலரும் இந்த இடத்தில்தான் இன்னும் கொஞ்சம் எண்ணெய் விடுவார்கள். அதற்குப் பதில் இரண்டு கை தண்ணீர் தெளித்து, தட்டு போட்டு மூடி, தீயைக் குறையுங்கள். மூடியில் தங்கும் ஆவியிலேயே காய் வெந்துவிடும். 8 முதல் 10 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை திறந்து கிளறுங்கள். அடி பிடிப்பது போல இருந்தால் இன்னொரு கை தண்ணீர். முட்டைக்கோசும் சுரைக்காயும் தானே நீர் விடும், அவற்றுக்குத் தெளிக்க வேண்டாம். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், நிறம் பச்சையாகவே இருக்க வேண்டும். அந்தப் பதத்தில் மூடியை எடுத்து ஈரத்தை வற்ற விடுங்கள்.

உப்பை இப்போது போடுங்கள். கால் டீஸ்பூனும் மேலே ஒரு சிட்டிகையும். கடைசியில் போடும் உப்பு காயின் மேற்பரப்பிலேயே நிற்பதால் நாக்குக்கு உடனே தெரியும், கொஞ்சமே போதும். மேலே ஒரு டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல். தேங்காய் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், கைப்பிடி அளவு போடுவதைத்தான் நிறுத்தச் சொல்வேன்.

உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், சேனை எல்லாம் மாவுச்சத்து. இவை காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும். உருளை வறுவல் வைத்துச் சோறு சாப்பிட்டால் சோற்றுக்குச் சோறு தொட்டுச் சாப்பிட்ட மாதிரிதான்.

படி 4: கெட்டியான கீரைக் கூட்டு

80 கிராம் பாசிப்பருப்பை மஞ்சள்தூள் சேர்த்து மலர வேகவையுங்கள். ஒரு கட்டு அரைக்கீரையோ சிறுகீரையோ ஆய்ந்து, அலசி, நறுக்கிப் பருப்போடு சேர்த்து மூடாமல் 5 நிமிடம் வேக விடுங்கள். சீரகம், பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு தட்டிப் போடுங்கள். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் தாளித்துக் கொட்டி, பொரியலுக்குப் போட்ட அளவே உப்பு.

தண்ணீரான சாம்பாரில் ஒருவர் பங்குக்கு வரும் பருப்பு மிகக் கொஞ்சம். இந்தக் கூட்டில் ஆளுக்கு 40 கிராம் பருப்பு, அதாவது 9 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கிறது. புரதமும் நாரும் இருந்தால்தான் நாலு மணிக்கே பசிக்காது. அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு அவித்த முட்டையோ மத்தி மீன் குழம்போ சேர்த்துக்கொள்ளலாம். மத்தி விலையும் குறைவு, இதயத்துக்கு நல்ல கொழுப்பும் அதில் உண்டு. பொரித்துவிடாமல் குழம்பாக வையுங்கள்.

படி 5: சோறு கடைசியில்

இரண்டு பேருக்கும் சேர்த்து 120 கிராம் அரிசி. வெந்தால் ஆளுக்கு ஒன்றரைக் கிண்ணம் போல வரும். புழுங்கல் அரிசியோ கைக்குத்தல் அரிசியோ நல்லது. சாமை, வரகு, தினை எல்லாம் நார் கூடுதல் என்பதால் தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் அவையும் மாவுச்சத்துதான், அளவு அதே 120 கிராம்தான். சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்ற பேச்சை நம்பாதீர்கள்.

தட்டில் பாதிக்குப் பொரியலும் பச்சை வெள்ளரியும். மீதிப் பாதியில் ஒரு பங்கு கூட்டு, ஒரு பங்கு சோறு. சோற்றுப் பானையை அடுப்படியிலேயே விட்டுவிட்டு, பொரியல் சட்டியை மட்டும் சாப்பிடும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். மறுபடி வைத்துக்கொள்ளக் கை நீளும்போது காய்தான் கிடைக்கும்.

முதலில் வெள்ளரியையும் பாதிப் பொரியலையும் சாப்பிடுங்கள், அப்புறம் சோற்றைப் பிசையுங்கள். காயும் பருப்பும் முன்னால் போனால் சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. சாப்பிட்டதும் படுக்காமல் 10, 15 நிமிடம் நடந்தால் இன்னும் நல்லது. மொட்டைமாடியே போதும்.

மற்ற வேளைகள்

காலையில் மூன்று இட்லி, கிண்ணம் நிறையக் காய் போட்ட சாம்பார். சட்னி புதினாவோ தக்காளியோ. இரவு தோசை என்றால் இரண்டு, தோசைக்கு அரை டீஸ்பூன் எண்ணெய். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். கொண்டைக்கடலையை முதல் நாள் இரவே ஊறப்போட மறக்காதீர்கள்.

காபி, டீயில் வேளைக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளைக்கு மூன்று வேளை என்றால் அதுவே சுமார் 100 கலோரி. வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிவிடும். நாட்டுச்சர்க்கரைக்கும் தேனுக்கும் மாறுவதால் ரத்தச் சர்க்கரைக்குப் பெரிய லாபம் எதுவும் இல்லை.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு இவற்றின் உப்பும் இதில் சேரும். ரத்தக் கொதிப்பு உள்ள வீட்டில் இந்த நான்கையும் தினசரிச் சாப்பாட்டில் இருந்து எடுத்து, விசேஷ நாட்களுக்கு மட்டும் வையுங்கள்.

படி 6: மூன்று மாதம் கழித்து

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ இறங்கினால் நல்ல வேகம். மாதம் ஒருமுறை டேப். ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் ஹெச்பிஏ1சி எண் மெதுவாகத்தான் மாறும். மூன்று மாதத்துக்கு முன் அதை மறுபடி எடுப்பது வீண் செலவு. எடுக்கும்போது பழைய அறிக்கையையும் கையோடு கொண்டுபோங்கள், மருத்துவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அடுத்து என்ன என்று சொல்வார்.