பிரியஸ் பற்றரியை நிறுத்திவைத்துச் சோதித்தால் ஒன்றும் தெரியாது

கண்டிக்குப் பக்கத்திலுள்ள கடுகண்ணாவ ஏற்றத்தில் பாதி வழியில் காரின் திரையில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது. முதல் நாள்தான் யாழ்ப்பாணத்தில் வீட்டு முற்றத்தில் வைத்துப் பற்றரியைச் சோதித்து, "பற்றரி திறம்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவள் இன்னும் அதை மறக்கவில்லை.

கார் மூன்றாம் தலைமுறை ரொயோட்டா பிரியஸ், பெற்றோலோடு பெரிய பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட். தேவையானவை: ஒரு ஓபிடி புளூடூத் அடாப்டர் (காரின் கணினித் தகவலைப் போனுக்கு அனுப்பும் சிறு கருவி), போனில் பற்றரியின் நிலையைக் காட்டும் டாக்டர் பிரியஸ் செயலி, பக்கத்துச் சீற்றில் ஒரு ஆள். அடாப்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். '2.1' என்று எழுதிய மலிவான நகல்கள் போனுடன் இணையும், காருடன் பேசாது. நான் அப்படி இரண்டை வாங்கி எறிந்தேன்.

1. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள துளையில் அடாப்டரைச் செருகுங்கள். புளூடூத்தில் 1234 கேட்கும்.

2. பிரேக்கை மிதித்துக்கொண்டு பவர் பட்டனை அழுத்துங்கள். திரையில் 'ரெடி' வரவேண்டும். பிரேக் மிதிக்காமல் அழுத்தினாலும் விளக்குகள் எரியும், ஆனால் பெரிய பற்றரி இணைப்புக்கு வராது.

3. செயலியில் 14 கட்டங்கள் தெரியும். பற்றரிக்குள் 28 மொடியூல்கள், இரண்டிரண்டாக 14 தொகுதிகள். மொத்தம் 201.6 வோல்ற். நிற்கும்போது எனக்கு எல்லாம் 15.6, 15.7 என்று அழகாக நின்றன. நான் ஏமாந்தது இங்கேதான்.

4. இனித்தான் உண்மையான சோதனை. எல்லாத் தொகுதிகளும் ஒரே தொடராக இணைந்திருப்பதால் ஒரே மின்னோட்டம் எல்லாவற்றிலும் பாயும். நலிந்த தொகுதி ஓய்வில் மற்றவற்றைப் போலவே நிற்கும், பாரம் விழுந்ததும் அதன் வோல்ற் மட்டும் சரியும். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் ஏது? அதனால் ஆள் இல்லாத நேரான வீதியில், நின்ற நிலையிலிருந்து அக்சிலரேட்டரை நன்றாக அழுத்தி 50, 60 வரை போங்கள். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், நீங்கள் வீதியைப் பாருங்கள். என் மச்சான் திரையை வீடியோ எடுத்தான். வீட்டுக்கு வந்து மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, மற்றவை 14.1இல் நிற்க ஏழாவது 12.9க்கு விழுந்தது. மூன்று நொடிதான், கண்ணால் பார்த்திருந்தால் தவறியிருக்கும். அப்புறம் பிரேக் பிடித்தபோது அதே ஏழாவது எல்லாவற்றையும் தாண்டி மேலே ஏறியது. இறங்குவதிலும் ஏறுவதிலும் முந்துகிறது என்றால் அதில் கொள்ளளவு போய்விட்டது. நடுவில் உள்ளவை கூடச் சூடாவதால் பெரும்பாலும் அவைதான் முதலில் போகும்.

பாரத்தில் 0.3 வோல்ற் வரை வித்தியாசம் என்றால் நான் கவலைப்படமாட்டேன். ஒரு வோல்ற் என்றால் கராஜுக்குப் போங்கள். நீங்களாகத் திறக்க வேண்டாம். செம்மஞ்சள் வயர்களில் ஓடுவது 200 வோல்ற், ஆளைக் கொல்லும். பழுதான மொடியூலை மட்டும் மாற்றலாம் என்பார்கள். மற்றவையும் அதே வயதுதானே, சில மாதங்களில் அடுத்தது வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

பின் சீற்றுக்குப் பக்கத்தில் உள்ள, பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுத் துவாரத்தையும் பாருங்கள். என்னுடையதில் நாய் மயிர் கம்பளி மாதிரி அடைத்திருந்தது.

பின்சேர்க்கை: ஐபோன்காரர் இருவர் இணையவில்லை என்றார்கள். பழைய வகைப் புளூடூத் அடாப்டர் ஐபோனுக்கு ஒத்துவராது, 'எல்ஈ' வகை வாங்குங்கள். ரொயோட்டாவின் முதல் தலைமுறை அக்வாவுக்கும் இதே முறைதான், 20 மொடியூல், 144 வோல்ற். வெசல் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செயலி உதவாது, அது ஹொண்டா.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். டோர்க் என்ற இன்னொரு ஓபிடி செயலியில் 'கோட் அழித்த பின் ஓடிய தூரம்' என்று ஒரு கணக்கு உண்டு, அதாவது காரில் பதிவான பழுதுக் குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம். நான் பார்க்கப் போன ஒரு காரில் அது 4 கிலோமீற்றர். விற்பவர் வீட்டிலிருந்து நாங்கள் சந்தித்த சந்திக்கு அவ்வளவுதான் தூரம்.