கண் இல்லையென்றால் குகைவாசியா?

சிலந்திக்கு உறவான ஹார்வெஸ்ட்மேன் என்ற சிற்றுயிரைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே சறுக்குவார்கள்: "ஒரு வகைச் சிலந்தி" என்று. எட்டுக் கால் இருக்கிறது, சரி. ஆனால் சிலந்தியின் ஒடுங்கிய இடுப்பு இதற்குக் கிடையாது. விஷம் இல்லை, நூல் நூற்கவும் வராது. முதுகின் முன்பக்கம் ஒரு சிறு மேடு, அதில் இரண்டே கண்கள். பெரிய குழப்பமே அந்தக் கண்களில்தான்.

குகைகளில் வாழும் கண்ணில்லாத இனங்களைக் காட்டி, "இருட்டில் பயன்படாததால் கண் போய்விட்டது" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு. தாய் கண்ணைப் பயன்படுத்தாததால் குஞ்சு கண் குறைந்து பிறப்பதில்லை. வெளிச்சத்தில் வாழும் உயிருக்குக் கண்ணைக் கெடுக்கும் மரபணு மாற்றம் வந்தால், அது பெரும்பாலும் சலித்து நீக்கப்பட்டுவிடும். இருட்டில் அந்தச் சல்லடை இல்லை, மாற்றங்கள் தங்கிவிடுகின்றன. போதாததற்கு, உணவு அரிதான இடத்தில் கண்ணுக்கான செலவு மிச்சமாவதும் லாபம்தான்.

அப்புறம், குகையில் இருப்பதெல்லாம் குருடு என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்தில் ஒளிரும் புழுக்கள் நிறைந்த குகைகளில் ஹெண்டியா மயர்சி என்ற ஹார்வெஸ்ட்மேன் அந்தப் புழுக்களையே தின்கிறது. அதற்குக் கண் உண்டு. டெக்சஸின் டெக்செல்லா ரேயேசி இனத்திலோ, சில குகைகளில் விழித்திரை இருக்கிறது, சிலவற்றில் இல்லை. ஒரே இனத்துக்குள்ளேயே இப்படி.

திருப்பிப் போட்டு, கண் இல்லாததெல்லாம் குகைவாசி என்றாலும் தவறுதான். சைஃபோஃப்தால்மி என்ற பிரிவில் சில மில்லிமீட்டரே உள்ள பல இனங்களுக்குக் கண்ணே கிடையாது. ஆனால் அவை வாழ்வது மட்கிய இலைகளுக்கும் மண்ணுக்கும் நடுவில். கால்களும் குட்டை.

வெளுத்த நிறத்தையும் குகைவாசியின் அடையாளமாக உடனே நம்பக் கூடாது, அப்போதுதான் தோலுரித்தவையும் வெளுத்தே இருக்கும். குகை வாயில் கும்பலாக ஒட்டிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் விருந்தாளிகள், வெளியே போய் இரை தேடுகிறவை.

குகைவாசியா என்று அறிய நான் முதலில் பார்ப்பது கால்களின் நீளத்தை. அதையும் தனியாக அளந்து பயனில்லை, ஏனென்றால் வெளியில் வாழும் பல இனங்களுக்கே கால் நெடியது. நெருங்கிய உறவினத்தோடு வைத்து, உடலளவுக்குக் கால் எவ்வளவு என்று ஒப்பிட வேண்டும். தடவித் தடவி வழியறிய உதவும் இரண்டாம் ஜோடியை முக்கியமாகக் கவனிக்கலாம்.

ஒரே மாதிரி வெளுத்து, கால் நீண்டிருப்பவை எல்லாம் ஒரே வம்சம் என்று முடிவுகட்டுவதும் வழக்கமான பிழை. மேற்கு வட அமெரிக்க மலைக் குகைகளின் ஸ்கிளெரோபுனஸ் என்ற ஹார்வெஸ்ட்மேன் கூட்டத்தில், இந்த உருமாற்றம் தனித்தனியாகப் பலமுறை நிகழ்ந்ததை 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. நெடுங்காலமாகக் குகையில் இருந்த வம்சங்களில் மாற்றமும் கூடுதலாக இருந்தது.