ஐடி டீமை கடைசியா கூப்பிடுற கம்பெனிகள் பண்ற தப்புகள்

நெறைய கம்பெனில ஐடி டிபார்ட்மென்ட்னா பிரிண்டர் ஓடலைன்னா, பாஸ்வேர்ட் மறந்துபோச்சுன்னா கூப்பிடுற ஆளுங்க, அவ்ளோதான். மத்த தப்பெல்லாம் இந்த நினைப்புலதான் ஆரம்பிக்குது. யாருக்கு எந்த சிஸ்டத்துல அனுமதி, டேட்டா எங்க இருக்கு, எல்லாம் படுத்துட்டா எப்படி மறுபடி எழுப்புறது, இதுதாங்க அவங்களோட நெஜமான வேலை.

சாப்ட்வேர் வாங்குறதையே எடுத்துக்கங்க. டெமோ பாத்து புடிச்சுப்போய் கான்ட்ராக்ட்ல கையெழுத்தும் போட்டுட்டு அப்புறம் ஐடிகிட்ட வந்து "இதை நம்ம பழைய அக்கவுன்ட்ஸ் சாப்ட்வேரோட கனெக்ட் பண்ணிக் குடுங்க"ன்னு நிப்பாங்க. ஏபிஐ (ரெண்டு சாப்ட்வேரை ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கிற வழி) இருக்கா, கான்ட்ராக்ட் முடிஞ்சா டேட்டாவை முழுசா எடுக்க முடியுமான்னு முன்னாடியே ஐடியை விட்டு கேக்க வெச்சிருக்கலாம்.

இதைவிட ஆபத்தானது ஆள் வேலையை விட்டுப் போறப்ப நடக்குறது. எச்ஆர் ரிலீவிங் லெட்டர் குடுத்து லேப்டாப்பை வாங்கி வெச்சுக்கும், ஐடிக்கு ஒரு மெயில் கூட போகாது, அக்கவுன்ட் அப்படியே உயிரோட கெடக்கும். 2021 ஏப்ரல் கடைசில அமெரிக்காவுல கொலோனியல் பைப்லைன் கம்பெனிக்குள்ள ஹேக்கருங்க நுழைஞ்சது புழக்கத்துலயே இல்லாத ஒரு பழைய விபிஎன் (வெளியில இருந்து கம்பெனி நெட்வொர்க்குக்குள்ள வர்ற வழி) அக்கவுன்ட் வழியாத்தான், பாஸ்வேர்டுக்கு மேல ரெண்டாவது செக் எதுவும் அதுல இல்ல. மே மாசம் எரிபொருள் பைப்லைனையே சில நாள் நிறுத்தி வெச்சாங்க, ஹேக்கருங்களுக்கு பிணைத்தொகையா 75 பிட்காயின் வேற கட்டுனாங்க. அதனால கடைசி நாள் சாயங்காலமே மெயில், விபிஎன், கிளவுட் லாகின் எல்லாம் மூடணும், டீம்ல எல்லாரும் சேர்ந்து யூஸ் பண்ற பாஸ்வேர்டையும் மாத்தணும் (இதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க).

அப்டேட்டை தள்ளிப் போடாதீங்க. கம்ப்யூட்டரைப் பூட்டிட்டு பணம் கேக்குற வானாக்ரை வைரஸ் பரவுனது 2017 மே, அதைத் தடுக்குற பேட்ச் (ஓட்டையை அடைக்கிற அப்டேட்) மார்ச்லயே வந்தாச்சு.

பேக்கப்ல பெரிய ஏமாற்றம் இருக்கு. "தினமும் பேக்கப் ஓடுது"ன்னு சொன்னா மேனேஜ்மென்ட் நிம்மதியாயிடும், ஆனா ரீஸ்டோர் பண்ணி (அதுல இருந்து டேட்டாவை திரும்ப எடுத்து) பாத்தாத்தான் அது பேக்கப். புரோகிராமருங்க கோடு வெச்சுக்கிற தளமான கிட்லேப்ல 2017 ஜனவரி 31 அன்னிக்கு ஒருத்தர் தெரியாம புரொடக்ஷன் டேட்டாபேஸை (நெஜமா ஓடிட்டிருந்த டேட்டாபேஸை) அழிச்சிட்டார், பேக்கப்பை தேடுனா வழக்கமா ஓட வேண்டியது ஃபெயிலாகிட்டே இருந்திருக்கு, அதைச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை மெயிலும் யாருக்கும் வந்து சேரல. டெக்னிக்கல் கம்பெனிக்கே இந்த நிலைமை. தற்செயலா 6 மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு காப்பிதான் காப்பாத்துச்சு.

வேற ஒரு மெஷின்ல ரீஸ்டோர் பண்ணச் சொல்லி எவ்ளோ நேரம் ஆகுதுன்னு எழுதி வாங்குங்க. ஒன்பது மணி நேரம்னு வந்தா, அவ்ளோ நேரம் பில்லிங் நின்னா தாங்குமா, இல்ல இன்னும் செலவு பண்ணி குறைக்கணுமாங்கிறதை முதலாளிதான் முடிவு பண்ணணும், அந்த முடிவை ஐடி தலையில கட்டாதீங்க.